பானை ஓட்டில் பேர் எழுதியவர்கள்



ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பண்டைய நாகரிகங்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் எகிப்து வருகிறது. எகிப்தியர் வாழ்க்கையை விளக்க ஒரு முக்கோணம் போட்டுக் காட்டுவார்கள். உச்சியில் பாரோ மன்னர். அவருக்குக் கீழே பிரபுக்களும் பூசாரிகளும். அதுக்குக் கீழே எழுத்தர்கள். அதுக்கும் கீழே கைத்தொழில் செய்கிறவர்கள். அடியில் அகலமாக உழவர்கள், கூலிகள், அடிமைகள்.

இந்த முக்கோணத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி வருகிறது. முதல் கேள்வி: உச்சியில் இருக்கிறவர் பேர் எல்லாருக்கும் தெரியும். கூபு, துட்டன்காமன், ராம்செஸ் என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். அடியில் இருந்தவங்க பேர் என்ன? இரண்டாவது கேள்வி: நம்ம சேலம், நாமக்கல் பக்கம் அந்தக் காலத்தில் ஜனங்க எப்படி இருந்தாங்க? யார் மேலே, யார் கீழே?

இந்த இரண்டுக்கும் விடை ஒரே மாதிரிப் பொருளில்தான் கிடைத்திருக்கிறது. அது தங்கம் இல்லை, வைரம் இல்லை. உடைஞ்ச பானை ஓடு!

எகிப்தின் அடி வரிசை

எகிப்துக்கு உயிர் நைல் நதி. வருசா வருசம் வெள்ளம் வந்து வண்டல் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். அதில் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். விளைச்சலில் ஒரு பங்கு அரசனின் களஞ்சியத்துக்கு வரியாகப் போகும். எவ்வளவு விளைந்தது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு எழுதுகிறவர்தான் எழுத்தர். எழுதத் தெரிந்தவர் ரொம்பக் கொஞ்சம் பேர். அதனால் எழுத்தருக்குக் காட்டு வேலை கிடையாது, வெயில் கிடையாது, மரியாதை உண்டு. எழுத்துத் தெரிந்தவர் நிழலில், தெரியாதவர் வெயிலில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அந்தக் காலத்தில் எகிப்தில் காசு புழங்கவில்லை. கூலி என்றால் தானியம், ரொட்டி, பீர், வெங்காயம், மீன், துணி. கூபு மன்னரின் பெரிய பிரமிடு கட்டி ஏறக்குறைய 4,500 வருசம் ஆகிறது. கட்டிய போது அதன் உயரம் சுமார் 146 மீட்டர். நம்ம நாமக்கல் கோட்டைப் பாறை சுமார் 65 மீட்டர். அப்படிப் பார்த்தால் பிரமிடு நாமக்கல் பாறையை விட இரண்டு மடங்குக்கும் மேலே! அதைச் சவுக்கடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்று சினிமாவில் காட்டுவார்கள். ஆனால் 1990-ல் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டிய தொழிலாளிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டி சுட்ட அடுப்புகளையும் கண்டுபிடித்தார்கள். அடிமைகளை யாரும் மன்னர் பக்கத்தில் மரியாதையோடு அடக்கம் பண்ண மாட்டார்கள். அதனால் கட்டியவர்கள் கூலி வாங்கிய உழைப்பாளிகள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு ஊர், பேர் தெய்ர் எல் மெதினா. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளிகள் குடியிருந்த கிராமம். அங்கே பானை ஓட்டிலும் சுண்ணாம்புக் கல் சில்லிலும் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகள் கிடைத்தன. கடன் கணக்கு, சண்டை, கடிதம் எல்லாம் அதில் உண்டு. அதில் ஒரு கல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது என்ன தெரியுமா? வருகைப் பதிவேடு! இரண்டாம் ராம்செஸ் மன்னரின் 40-வது ஆட்சி ஆண்டில் எழுதியது. நாற்பது தொழிலாளிகள் பேரும், எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை என்பதும், ஏன் வரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. ஒருத்தருக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருத்தருக்குக் கண் நோவு. ஒருத்தர் பீர் காய்ச்சப் போயிருந்தார். நம்ம டீச்சர் ஆப்சென்ட் போடுகிற மாதிரியே இல்லை?

அதே கிராமத்தில் மூன்றாம் ராம்செஸின் 29-வது ஆட்சி ஆண்டில், அதாவது 3,100 வருசத்துக்கு மேலே முன்னால், தானியக் கூலி காலத்துக்கு வரவில்லை. தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பசிக்குது, கூலி குடுங்க என்று கேட்டார்கள். கூலியும் வந்தது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். முக்கோணத்தின் அடியில் இருந்தவர்களுக்குப் பேரும் இருந்தது, வாயும் இருந்தது. எழுதி வைத்ததால்தான் அது நமக்குத் தெரிகிறது.

இப்போ நம்ம பக்கம் வருவோம்

நம்ம பக்கம் மன்னர்கள் கதை எல்லாருக்கும் தெரியும். கொல்லிமலையை வல்வில் ஓரி ஆண்டார். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டார். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் அவர்தான். கரூரில் சேரர்கள் இருந்தார்கள். ஆடி 18-க்குக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது.

சரி, மன்னர் கதை போதும். அவர் காலத்துக் கொல்லர் எங்கே இருந்தார்? குயவர் எங்கே? நெசவாளி எங்கே? அவர்களைப் பார்க்க வேண்டுமானால் நாம் போக வேண்டிய ஊர் கொடுமணல்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர். பதிற்றுப்பத்து என்ற சங்க நூலில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான், அணிகலனுக்குப் பேர் போன ஊர். 1985-லிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். அப்புறமும் பல தடவை தோண்டினார்கள். 2020, 2021-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. கிடைத்த பொருள்களில் பல 2,000 வருசத்துக்கும் மேலே பழையவை. பிரமிடை விட இது ரொம்பப் பிந்தின காலம் என்பதை மறக்க வேண்டாம். பழமையில் போட்டி போட நான் இதை எழுதவில்லை. சாதாரண ஜனங்க எப்படி வாழ்ந்தாங்க என்று பார்க்கத்தான்.

அந்த ஊரில் என்ன வேலை நடந்தது?

முதல் வேலை இரும்பு. உருக்கிய உலைகள், ஊதுகுழாய்கள், இரும்புக் கசடு எல்லாம் கிடைத்திருக்கின்றன. இரும்புக் கல் பக்கத்துச் சென்னிமலைப் பகுதியிலிருந்து வந்தது. சின்ன மண் குடுவைக்குள் இரும்பைப் போட்டு மூடி, அதிகச் சூட்டில் உருக்கி எஃகு செய்யவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரும்பு நம்ம சேலத்துக்கும் புதுசு இல்லை. கஞ்சமலை இரும்புத் தாது மலைதான். இன்றைக்குச் சேலம் உருக்காலையும் அந்த மலை அடிவாரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது வேலை மணி செய்வது. பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவழம் இதிலெல்லாம் கழுத்துமணி செய்தார்கள். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. சூதுபவழக் கல் குஜராத் பக்கமிருந்து வந்தது. கல்லைச் சில்லாக உடைக்க வேண்டும். உருட்டித் தேய்க்க வேண்டும். பளபளப்பாக்க வேண்டும். அப்புறம் நடுவில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போடும்போது கொஞ்சம் கை தவறினாலும் மணி உடைந்துவிடும். அப்படிப் பாதியில் உடைந்த மணி, ஓட்டை போடாத மணி, முடிந்த மணி எல்லாமே கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. மணி வாங்கி வந்து விற்ற ஊர் இல்லை, அங்கேயே செய்த ஊர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

மூன்றாவது வேலை நூல் நூற்பது. தக்களியின் சுடுமண் வட்டுகள் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாட்டில் பஞ்சு எடுத்து நூல் நூற்ற பெண்ணுக்குப் 'பருத்திப் பெண்டு' என்று பேர். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை, ராசிபுரம் என்று தறிச் சத்தம் கேட்கிற நம்ம பக்கத்துக்கு இதை விளக்கவே வேண்டாம்.

செய்த பொருள் எல்லாம் எங்கே போகும்? கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குப் போகிற பெரிய வழியில் கொடுமணல் இருந்தது. முசிறி என்றால் நம்ம தொட்டியம் பக்கத்து முசிறி இல்லைங்க. அது கேரளக் கடற்கரையில் இருந்த முசிறி. அங்கிருந்து கப்பலில் மிளகும் மணியும் துணியும் மேற்கே போயின. பதிலுக்கு ரோமானியக் காசு வந்தது. சேலம் கோனேரிப்பட்டியில் 1987-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தது இதனால்தான்.

பானையில் பேர்

இப்போதுதான் முக்கியமான விசயம். கொடுமணலில் எழுத்துக் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்து. அதில் பெரும்பாலும் இருப்பது ஆட்கள் பேர். ஆதன், கண்ணன், பண்ணன், சாத்தன், அந்தவன் என்று பேர்கள். அரசாணை இல்லை, போர் வெற்றி இல்லை. 'இது என் பானை' என்பது மட்டும்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான பேர்கள் பானையைச் சுட்ட பிறகு கீறியவை. பச்சை மண்ணில் எழுதியிருந்தால் குயவர் எழுதினார் என்று சொல்லலாம். சுட்ட பானையில் கூரான ஆணியால் கீறியிருப்பதால், பானையை வாங்கியவர் கீறினார் என்று தெரிகிறது. எழுத்துகள் எல்லாம் ஒரே கை மாதிரியும் இல்லை. சிலது நேராக இருக்கிறது, சிலது கோணலாக இருக்கிறது. எழுதுவதற்கென்று தனி எழுத்தர் ஒருத்தர் உட்கார்ந்து எழுதவில்லை. மணி தேய்க்கிற, இரும்பு உருக்குகிற, வியாபாரம் பண்ணுகிற ஊரில் பல பேருக்குத் தன் பேரை எழுதத் தெரிந்திருந்தது.

இங்கேதான் எகிப்து முக்கோணத்துக்கும் நம்ம ஊருக்கும் வித்தியாசம். அங்கே எழுத்தர் தனி வகுப்பு. இங்கே எழுத்து கடைவீதியில் இருந்தது. சங்கப் புலவர்கள் பேரைப் பாருங்கள், இது இன்னும் நன்றாகப் புரியும். துணி வியாபாரி இளவேட்டனார், தானிய வியாபாரி சாத்தனார், பொற்கொல்லர் வெண்ணாகனார், மருத்துவர் தாமோதரனார், குயவர் குலத்துப் பெண் வெண்ணிக் குயத்தியார், குறவர் குலத்துப் பெண் குறமகள் இளவெயினி. பெண் புலவர்கள் மட்டும் முப்பது பேருக்கு மேலே!

இன்னொரு சாட்சி நம்ம எல்லையிலேயே இருக்கிறது. பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் தாண்டினால் வேலாயுதம்பாளையம். அங்கே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சமணத் துறவிகள் படுக்கக் கல்லில் படுக்கை வெட்டித் தந்திருக்கிறார்கள். ஒரு கல்வெட்டில் சேர மன்னர்கள் மூன்று தலைமுறைப் பேர் இருக்கிறது. தாத்தா ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ. அதே மலையில் இன்னொரு கல்வெட்டு கரூர்ப் பொன் வியாபாரி நத்தி என்பவர் பேரைச் சொல்கிறது. மன்னர் பேரும் வியாபாரி பேரும் ஒரே மலையில்! மதுரைப் பக்கத்து அழகர்மலையில் இன்னும் அதிகம். உப்பு வியாபாரி, கொழு வியாபாரி, துணி வியாபாரி எல்லாரும் பேர் வெட்டியிருக்கிறார்கள். கொழு என்பது ஏர்க் கலப்பையில் மாட்டுகிற இரும்பு.

என்ன சாப்பிட்டார்கள்?

கொல்லிமலைப் பக்கம் தினை, சாமை, தேன், கிழங்கு. மேட்டுக்காட்டில் வரகு, அவரை, ஆடு மாடு, பால், மோர். காவிரிக் கரையில் நெல்லும் மீனும். நெல் எவ்வளவு பழசு என்று கேட்டால் அதற்கும் ஒரு பானை உண்டு. பழனிப் பக்கத்துப் பொருந்தல் கிராமத்தில் ஒரு கல்லறையில் சுமார் இரண்டு கிலோ நெல் வைத்த பானை கிடைத்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் அது கி.மு. 490-ஐச் சேர்ந்தது என்று வந்தது. இறந்தவர் பசியாக இருக்கக் கூடாது என்று யாரோ அளந்து வைத்த நெல்.

உப்பு கடற்கரையிலிருந்து வரும். உமணர் என்ற உப்பு வியாபாரிகள் மாட்டு வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராக வருவார்கள். நெல்லுக்கு உப்பு மாற்றுவார்கள். வீடு பெரும்பாலும் கூரை வீடு. கொடுமணலில் கம்பம் நட்ட குழிகளும் கெட்டித்த மண் தரையும் கிடைத்திருக்கின்றன. பானைகள் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் அப்படி வரும்.

அப்போ மேல் கீழ் இல்லையா?

இருந்தது. அதையும் சொன்னால்தான் பாடம் முழுசாகும்.

கொடுமணலில் ஊருக்குப் பக்கத்தில் பெரிய இடுகாடு. கல்வட்டம் போட்டு, உள்ளே பலகைக் கற்களால் அறை கட்டி, அதில் எலும்பும் பொருளும் வைத்திருக்கிறார்கள். அறைப் பலகையில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும், அதற்கு இடுதுளை என்று பேர். ஒரு கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேலே சூதுபவழ மணிகள் இருந்தன. கல் பதித்த வெண்கலப் புலி பொம்மையும் அந்த இடுகாட்டில் கிடைத்தது. வேறு கல்லறைகளில் அவ்வளவு பொருள் இல்லை. அந்தப் பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்த எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கியவர்களுக்கு அதே மாதிரிக் கல்லறை கிடைத்திருக்காது. எகிப்தில் பிரமிடு, இங்கே கல்வட்டம். அளவுதான் வேறு, செத்த பிறகும் மேல் கீழ் தெரிந்தது.

சங்கப் பாட்டிலும் தெரிகிறது. துணி வெளுத்துக் கஞ்சி போட்டுத் தந்த பெண்ணைத் தாழ்வான சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள். துணி வெள்ளையாக வேண்டும், ஆனால் வெளுத்தவருக்கு மரியாதை வேண்டாமா? கணவனை இழந்த பெண் வளையல் கழற்றி, அல்லி அரிசி தின்று, கல் தரையில் படுக்க வேண்டும். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாட்டே எழுதத் தெரிந்த அரசி. அவரும் அந்த வாழ்க்கைக்குப் பயந்து தீயில் இறங்கினார். பேர் எழுதத் தெரிந்தால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடவில்லை.

ஆனால் அடங்கிப் போகாதவர்களும் இருந்தார்கள். பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். ரொம்ப ஏழை. தகடூருக்கு வந்து அதியமானிடம் பரிசில் கேட்டார். அதியமான் நேரில் பார்க்காமல் ஆள் மூலமாகப் பரிசு கொடுத்தனுப்பினார். வீட்டில் பசி. ஆனாலும் பெருஞ்சித்திரனார் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, என் திறமையை அறிந்து தினையளவு கொடுத்தாலும் போதும் என்று சொல்லிவிட்டார். எகிப்தில் கோயில் வாசலில் உட்கார்ந்த தொழிலாளிகள் கூலி கேட்டார்கள். இவர் மரியாதை கேட்டார். இரண்டுமே நியாயம்தான்.

எகிப்துக்குப் போன பானை

செங்கடல் ஓரத்தில் எகிப்து நாட்டில் குசேர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், இன்னொன்றில் சாதன். நம்ம கண்ணனும் சாத்தனும்! கொடுமணல் ஓட்டில் இருந்த அதே மாதிரிப் பேர்கள் 2,000 வருசத்துக்கு முன்னால் எகிப்து மண்ணில். இன்னொரு ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. ஒறி என்றால் உறி. பூனைக்கு எட்டாமல் தயிர்ப் பானையைக் கட்டித் தொங்கவிடுவோமே, அதுதான். வீட்டு உறி சொல் கப்பல் ஏறிப் போயிருக்கிறது!

பெரெனிகே என்ற இன்னொரு துறைமுகத்தில் கோயில் தரைக்கு அடியில் இந்தியப் பானை ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு இருந்தது. அங்கேயும் கொற்றன் என்று தமிழ்ப் பேர் கீறிய ஓடு கிடைத்தது. பாரோ மன்னர்கள் காலம் முடிந்து அப்போது எகிப்து ரோமானியர் கையில் இருந்தது. இந்தக் கண்ணனும் கொற்றனும் அரசர்கள் இல்லை. வியாபாரிகளோ கப்பல் ஆட்களோ ஆக இருக்கலாம். அரசன் அனுப்பிய தூதர் பேர் போலப் பெரிய கல்லில் இல்லை, தண்ணீர் குடித்த பானையில் இருக்கிறது. அதனால்தான் நமக்கு அவர்களைத் தெரிகிறது.

நம்ம வீட்டுப் பானை

கொடுமணல்காரர் ஆணியால் கீறினார். நாம் பாத்திரக் கடையில் மெஷினால் பேர் வெட்டுகிறோம். எவர்சில்வர் குடம், தூக்குப்போசி, தட்டம் எல்லாவற்றிலும் பேர் இருக்கிறது. விசேசத்துக்குக் கொண்டுபோனால் மாறிவிடக் கூடாது இல்லையா, அதற்குத்தான். இரண்டாயிரம் வருசத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எங்கள் வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். தாத்தா பேர், அப்பா பேர், சீர் செய்த தாய்மாமன் பேர் இருக்கிறது. தினமும் அந்தக் குடத்தில் தண்ணி எடுக்கிற அம்மா பேர் ஒன்றில்கூட இல்லை. அம்மாயிக்குத் தன் பேரை எழுதத் தெரியாது, ரேசன் கடையில் கைநாட்டுத்தான். 2,000 வருசம் முன்னால் மணி தேய்த்த ஊரில் எழுத்து இருந்தது. நடுவில் எத்தனையோ பேருக்கு அதைத் தொட விடாமல் பண்ணிவிட்டார்கள். குறிப்பாகப் பெண்களுக்கும், ஏழைகளுக்கும், தாழ்த்தி வைக்கப்பட்டவர்களுக்கும். இப்போது பள்ளிக்கூடம் வந்து அது நம்ம கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. நம்மில் பல பேர் வீட்டில் நாம்தான் முதலில் எழுதுகிறவர்கள். லீவில் நான் அம்மாயிக்குப் பேர் எழுதச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் முதல் இரண்டு எழுத்து வந்துவிட்டது.

முக்கோணத்தில் மேலே இருக்கிறவர் பேரைப் பரீட்சைக்குப் படிப்போம். ஆனால் வரலாறு என்றால் அதோடு முடியவில்லை. தேள் கொட்டி லீவு போட்ட எகிப்துத் தொழிலாளியும், கோணலாகப் பேர் கீறிய ஆதனும், உறியில் பானை கட்டிய கப்பல்காரரும், பேர் தெரியாமல் கல் தூக்கியவர்களும் சேர்ந்ததுதான் வரலாறு. காட்டில் மேட்டில் விளையாடும்போது பழைய பானை ஓடு, கல்வட்டம் பார்த்தால் உடைக்காதீர்கள், தூக்கி வராதீர்கள். டீச்சரிடம் சொல்லுங்கள். அதில் யாரோ ஒருத்தர் பேர் இருக்கலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் யார் யார் பேர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வகுப்பில் எல்லாருடைய பட்டியலையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சொல்லுங்கள் பார்க்கலாம்:
1. கொடுமணல் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறது?
2. பேர் கீறியது குயவர் இல்லை, பானை வாங்கியவர் என்று எப்படித் தெரிகிறது?
3. எகிப்தில் கிடைத்த ஓட்டில் இருந்த எந்தச் சொல் இன்றும் நம் வீட்டில் இருக்கிறது?
4. பெருஞ்சித்திரனார் ஏன் பரிசை வாங்கவில்லை?

விடை எல்லாம் மேலேயே இருக்கிறது. தேடிப் படித்துச் சொல்லுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி